லாரி பம்பரில் ஃபாக் லைட்: எந்த பிராக்கெட், எதில் மாட்டுவது?

கேரளத்தின் பூப்பாறையில் எங்களுக்கு இரண்டு வண்டி. ஒன்று 14 அடி ஐச்சர், இன்னொன்று பிக்கப். தேனிப் பக்கமிருந்து காய்கறியும் உரமும் மேலே வரும், ஏலக்காய் மூட்டை போடிக்கு இறங்கும். காய்கறி லோடு விடிவதற்குள் கடை வாசலில் நிற்க வேண்டும். அதனால் போடிமெட்டு ஏறுவது எப்போதும் ராத்திரி மூன்று, நாலு மணிக்குத்தான். ஜூனில் மழை பிடித்துவிட்டால் அந்த 17 கொண்டை ஊசி வளைவுகளில் மேலே உள்ளவை பனிக்குள் போய்விடும். டிம் போட்டாலும் கண்ணாடிக்கு முன்னால் வேட்டியை விரித்துக் கட்டியது போல வெள்ளையாக இருக்கும், ரோட்டின் ஓரக்கோடு தெரியாது.

அதற்காகத்தான் ஃபாக் லைட் வாங்கினோம். வாங்கும்போது எல்லாரும் வாட்டைப் பற்றிப் பேசினார்கள், மஞ்சளா வெள்ளையா என்று பேசினார்கள். லைட்டைத் தாங்கும் பிராக்கெட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது மாதம் ஒரு ராத்திரி, இடதுபக்க லைட் பட்டையோடு முறிந்து வயரில் தொங்கிக்கொண்டு வந்தது. லைட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பெட்டிக்குள் வந்த 2 மி.மீ. தகட்டுப் பட்டை, எல் போல மடங்கும் இடத்தில் கோடு போட்டது போல வெடித்திருந்தது. அன்றிலிருந்து இரண்டு வண்டிக்கும் சேர்த்து நாலு விதமான பிராக்கெட்டைப் பார்த்தாகிவிட்டது. இதே யோசனையில் இருப்பவர்களுக்கு எங்கள் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் லைட் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவாக வேண்டும். அது முடிந்தால் பாதி பிராக்கெட்டுகள் தாமாகவே கழிந்துவிடும்.

பனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளி. நாம் அனுப்பும் வெளிச்சத்தில் ஒரு பங்கை அது நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புகிறது. விளக்கும் கண்ணும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றனவோ அவ்வளவு கூசும். லாரி டிரைவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லைட்டை அரை மீட்டர் உயரத்தில் வைத்தால் இடையில் ஒன்றரை மீட்டர் கிடைக்கும். கேபின் தலையில் வைத்தால் அந்த இடைவெளியே இல்லாமல் போகும். மலைப் பாதையில் கேபின் மேல் வரிசையாக லைட் கட்டிய வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பனிக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. எதிரே ஏறி வரும் ஜீப்பில் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த டிரைவரின் கண்ணில் அந்த வெளிச்சம் அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. விளக்குகளைப் பொருத்துவதற்கான ஏ.ஐ.எஸ். 008 தரவிதியின்படி முன்பக்க ஃபாக் லைட் இரண்டு இருக்கலாம், வெள்ளையாகவோ மஞ்சளாகவோ. தரையிலிருந்து 250 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது, டிம் ஹெட்லைட்டைவிட மேலே இருக்கக் கூடாது, வண்டியின் பக்க ஓரத்திலிருந்து 400 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஸ்பாட் லைட், சர்ச் லைட் என்பது வேறு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 111-ஆம் விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் அவற்றை வண்டியின் முன்னால் வைக்கக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றம் என்று எழுதினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய். 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் நடந்த பஸ் விபத்துக்குப் பிறகு கேரளத்தில் கூடுதல் விளக்குகளை விடாமல் பார்க்கிறார்கள். அதனால் லைட் வாங்குவதற்கு முன்பே, எந்த மாடல், எந்த இடம் என்று தாளில் வரைந்து ஆர்.டி. ஆபீசில் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டாவது தடவை அப்படித்தான் செய்தோம்.

ஆக இடம் இதுதான்: பம்பரின் கீழ்ப்பாதி, இரண்டு ஓரம். கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்புவதற்கு முன்னால் உள்பக்கத்து மண் ஓரம் தெரிய வேண்டும் என்பதால் நமக்கும் அந்த ஓரம்தான் வேண்டும்.

சரி, இப்போது பிராக்கெட்டுகள்.

இரண்டைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் செருகும் பட்டை ஒன்று விற்கிறது. லைட் நடுவில் வந்துவிடும், ஓரம் தெரியாது. அதோடு 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட், கழற்ற முடியாத பூட்டோடு வருகிறது. அதை உடைத்துப் பட்டை செருகினால் கேட்பவருக்குப் பதில் சொல்ல முடியாது. இன்னொன்று, முன்னால் இரும்புக் குழாய் கார்டு போட்டு அதில் கிளாம்ப் வைத்து லைட் மாட்டுவது. 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், இப்படி முன்னால் போடும் கார்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கார்டே கூடாது என்னும்போது கிளாம்பைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சட்டத்தை விட்டாலும், வட்டக் குழாயில் கிளாம்ப் நிற்பது வெறும் உராய்வில்தான். குலுங்கிக் குலுங்கி ஒரு வாரத்தில் லைட் தலை கவிழ்ந்து மண்ணைப் பார்க்கும், அல்லது மல்லாந்து எதிரே வருபவரைப் பார்க்கும்.

மிச்சம் இருப்பவை மூன்று. பெட்டியோடு வரும் எல் பட்டை, பட்டறையில் செய்யும் கனமான பிராக்கெட், பம்பரில் கம்பெனியே விட்டிருக்கும் ஃபாக் லைட் குழிக்கு உரிய ஒரிஜினல் பிராக்கெட்.

எல் பட்டை மோசமான சாமான் என்று நான் சொல்ல வரவில்லை. சின்ன லைட், நல்ல ரோடு, பம்பரின் கீழ் மடிப்பு கனமாக இருக்கிறது என்றால் அது போதும். எங்களுக்கு முறிந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, அது நின்ற இடம். பழைய லாரிகளில் பம்பர் என்றால் கனத்த இரும்பு, இப்போதைய பம்பரின் முகம் மெல்லிய தகடு அல்லது பிளாஸ்டிக். அதில் ஓட்டை போட்டு லைட்டைத் தொங்கவிட்டால், பிராக்கெட் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் தகடே டப்பா மூடி போல உள்ளே வெளியே போய் வரும். இரண்டு, பட்டையின் கனமும் நீளமும்.

இந்தக் கனக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், பிராக்கெட் வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத விஷயம் இதுதான். தகடு வளையாமல் நிற்கும் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியில் (அதே எண்ணை மூன்று தடவை வைத்துப் பெருக்குவது) கூடுகிறது. அதாவது 3 மி.மீ. தகட்டை 5 மி.மீ. ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ நாலரை மடங்காகும். 2 மி.மீ.யிலிருந்து 5-க்குப் போனால் பதினைந்து மடங்குக்கு மேல். நீளத்துக்கும் அதே கணக்குதான், திருப்பிப் போட்டு. பிராக்கெட் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தூரத்தைப் பாதியாக்கினால் நுனி வளைவது எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதனால் கனத்த தகடு வாங்கி லைட்டை அழகுக்காக முன்னால் நீட்டி வைத்தால் கொடுத்த காசு வீண். குட்டையாக வையுங்கள். லைட்டின் முதுகு பம்பரைத் தொடாத அளவு இடம் இருந்தால் போதும்.

குலுக்கம் ரோட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 700 சுற்று ஓடினால் நொடிக்கு ஏறத்தாழ 23 தடவை உதறும். மெல்லிய பட்டையும் கனத்த லைட்டும் சேர்ந்த ஜோடியின் சொந்த ஆட்டம் அதன் பக்கத்தில் வந்து விழுந்தால், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே லைட் நடுங்க ஆரம்பிக்கும். எங்கள் பழைய லைட் அப்படித்தான் நடுங்கியது. இரவில் லோடு இறக்கும்போது குடோன் சுவரில் வெளிச்சம் படபடவென்று ஆடும். அது லைட்டின் குணம் என்று நினைத்து விட்டுவிட்டேன். உண்மையில் அந்த மடிப்பு அப்போதே களைத்துக்கொண்டிருந்தது. உங்கள் வண்டியில் இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். சுவருக்கு எதிரே நிறுத்தி, எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, வெளிச்சத்தின் மேல்கோட்டைப் பாருங்கள். கோடு நடுங்கினால் பிராக்கெட்டை மாற்றுங்கள், அல்லது ஒரு முட்டுக் கொடுங்கள்.

அடுத்தது எந்த உலோகம் என்ற கேள்வி. கடையில் அலுமினியத்தைக் காட்டுவார்கள், பளபளவென்று இருக்கும், துரு பிடிக்காது, எடை இல்லை என்பார்கள். இரும்பின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்துக்கு. 5 மி.மீ. இரும்புக்குச் சமமாக நிற்க 7 மி.மீ.க்கு மேல் அலுமினியம் வேண்டும். அப்படிப் போட்டாலும் எடை பாதிதான் என்பது உண்மை, ஆனால் 50 மி.மீ. அகலம் 200 மி.மீ. நீளமுள்ள பட்டையில் அந்த மிச்சம் 200 கிராம். டன் கணக்கில் லோடு ஏற்றும் வண்டிக்கு 200 கிராம் ஒரு கணக்கா? இன்னொரு குறை பெரியது. இரும்பில் ஒரு அளவுக்குக் கீழே உள்ள குலுக்கம் எத்தனை லட்சம் தடவை வந்தாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான எல்லை கிடையாது, சின்னக் குலுக்கமும் சேர்ந்துகொண்டே போகும்.

ஏலத்தோட்டப் பக்கம் ஓடும் வண்டிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அழுகல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவை அடிப்பது இங்கே வழக்கம். கலவைத் தொட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி டிரம் இறக்கும்போது தெறிப்பது எங்கேயும் படும். மயில்துத்தம் ஒரு செம்பு உப்பு, அது பட்டால் அலுமினியம் குழி குழியாக அரிக்கும், துத்தநாகப் பூச்சையும் தின்னும். மலைக்கு வேலைக்குப் போகும் வண்டியில் அலுமினிய பிராக்கெட்டை நான் போடமாட்டேன்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) நல்ல தேர்வுதான், 304 ரகம் உண்மையாகவே கிடைத்தால். கடையில் எஸ்.எஸ். என்று சொல்லிக் கொடுப்பதில் 202 ரகமும் உண்டு, ஒரு மழைக்காலத்தில் தேநீர்க் கறை போலப் பழுப்பேறிவிடும். பொட்டாஷ் உரம் ஏற்றுபவர்கள் கவனிக்க: அது குளோரைடு உப்பு, 304-ஐக்கூட புள்ளி புள்ளியாகத் துளைக்கும். எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை உலர்வாக முறுக்கினால் பாதியில் கடித்துக்கொண்டு நின்றுவிடும், அப்புறம் கட்டிங் வீல்தான். கொஞ்சம் கிரீஸ் தடவி முறுக்குங்கள்.

எல்லாம் பார்த்துவிட்டு ஐச்சருக்கு நான் எடுத்தது சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்பு, பட்டறையில் செய்தது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், முடிவு எடுப்பவருக்கு இதில்தான் விஷயம் இருக்கிறது.

பம்பருக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தால், பம்பரைச் சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிடித்திருக்கும் தாங்கி இரண்டு பக்கமும் தெரியும், கனத்த போல்ட்டுகளோடு. லைட்டின் பாரம் அங்கே போய்ச் சேர வேண்டும், பம்பர் தகட்டில் நிற்கக் கூடாது. அந்த போல்ட்டைக் கழற்றி, தாங்கிக்கும் நட்டுக்கும் இடையில் 6 மி.மீ. கனப் பட்டையைக் கொடுத்து, பம்பரின் கீழ் விளிம்புக்கு அடியில் முன்னால் கொண்டுவந்தோம். போல்ட் நீளம் அந்த 6 மி.மீ.க்குப் போதாது, புது போல்ட் அதே கிரேடில் (பலத் தரத்தில்) வாங்க வேண்டியிருந்தது. நட்டைத் தாண்டி இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும். சேசிஸில் புதிதாக ஓட்டை போடவே இல்லை. போடவும் விடாதீர்கள், குறிப்பாக அதன் மேல், கீழ் மடிப்பில். வண்டியின் முழு வளைவும் அங்கேதான் வந்து நிற்கிறது.

லைட் உட்காரும் நுனிக்கு முதலில் பட்டையைச் சுத்தியலால் அடித்து மடக்கலாம் என்று நினைத்தோம். பட்டறை அண்ணன் வேண்டாம் என்றார். “தம்பி, சூடு பண்ணாம கூர்மையா மடக்குனா வெளிப்பக்கம் இப்பவே கீறல் விழுந்திரும். ஆங்கிள்ல வெட்டிக்கலாம்.” 50-க்கு 50, 6 மி.மீ. ஆங்கிளில் 6 செ.மீ. துண்டு ஒன்று வெட்டினார். ஆங்கிள் ஆலையிலேயே அந்த வடிவில் உருட்டி வருவது, உள் மூலையில் சதைப்பிடிப்பு இருக்கும், மடக்கிய தகடு முறியும் இடத்தில் அது முறியாது. அந்தத் துண்டைப் பட்டையின் நுனியில் வைத்து, கீழே ஒரு முக்கோணத் தகடு முட்டுக் கொடுத்து வெல்டு வைத்தார். எல்லா வெல்டிங்கும் மேசையில்தான், வண்டியில் ஒரு பொறிகூட விழவில்லை. வண்டியிலேயே வைத்து வெல்டு அடிக்கும் பட்டறைக்குப் போனால் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள், இப்போதைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரும் கன்ட்ரோல் பெட்டியும் அதில் போய்விடும்.

பவுடர் கோட்டிங் அழகாக இருக்கும், ஆனால் போல்ட் தலைக்கு அடியில் அந்தப் பூச்சு நசுங்கி நசுங்கி மெலியும், முறுக்கு தளரும். போட்டால் போல்ட் உட்காரும் வட்டத்தை மட்டும் சுரண்டிவிடுங்கள். நாங்கள் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து மேலே கறுப்பு எனாமல் அடித்தோம். மே மாதம் மழைக்கு முன் ஒருமுறை தேய்த்து அடித்தால் அடுத்த வருஷம் வரை ஓடும்.

குலுக்கம் குறைய பிராக்கெட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர் போடச் சொல்பவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரப்பர் அமுங்கிக்கொண்டே போகும், போல்ட் இறுக்கம் இழக்கும், வெளிச்சம் ஆடும். இரும்போடு இரும்பு அழுந்தி உட்கார வேண்டும். லைட்டுக்கு 8 மி.மீ. போல்ட், 8.8 கிரேடு, நைலான் நட்டு, 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு. லைட்டின் கூடு அலுமினியம் என்பதால் அதன் சொந்தத் திருகை மட்டும் பார்த்து மெதுவாக இறுக்குங்கள். ஒற்றை போல்ட்டில் நிற்கும் லைட் என்றால் அடியில் பல் வாஷர் ஒன்று போடுங்கள், திரும்பாது.

சரிசெய்வதை லோடு ஏற்றியபின் செய்யுங்கள். பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் தூக்கும், காலி வண்டியில் சரியாக இருந்த வெளிச்சம் எதிராளி கண்ணுக்குப் போய்விடும். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, வெளிச்சத்தின் மேல்கோடு லைட்டின் உயரத்தைவிட 10 செ.மீ. கீழே விழும்படி வைத்தோம். பிராக்கெட்டில் சாய்க்க இடம் இல்லாவிட்டால் இது முடியாது. ஓட்டையை நீள்வட்டமாகப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

செலவு, இரண்டு பிராக்கெட்டும் கூலியும் பெயிண்டும் சேர்த்து எங்களுக்கு 1,600 ரூபாய் ஆனது. முதலில் முறிந்த பட்டை லைட்டோடு சும்மா வந்தது, அதனால் காசில் இது கூடுதல்தான். ஆனால் இரண்டு மழைக்காலம் போய்விட்டது, சுவரில் கோடு ஆடவில்லை.

பிக்கப்புக்கு இந்த வழி சரிவரவில்லை. பம்பர் முழுக்க பிளாஸ்டிக், அடியில் கனப் பட்டை நீட்டினால் தோட்டத்துக் கல் ரோட்டில் முதலில் மோதுவது அதுதான். பம்பரில் ஃபாக் லைட்டுக்கு வட்டக் குழியும் அதன்மேல் மூடியும் ஏற்கெனவே இருந்தன, விலை கூடின மாடலுக்கு அங்கே லைட் வரும். அந்த மாடலுக்கு உரிய பிராக்கெட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டு வாங்கினோம். தகடு மெல்லியதுதான், ஆனால் மூன்று இடத்தில் பிடிக்கிறது. இரண்டு பிடி பம்பருக்குப் பின்னால் உள்ள இரும்புக் குறுக்குச் சட்டத்தில் போகிறது, லைட் பம்பர் முகத்தை விட்டு வெளியே நீட்டவே இல்லை. உயரம், ஓரத் தூரம் எல்லாம் கம்பெனி கணக்குப்படியே அமைந்துவிட்டது. உங்கள் வண்டியில் அப்படி மூடி வைத்த குழி இருந்தால் பட்டறைக்குப் போகவே வேண்டாம், அதைத்தான் முதலில் பாருங்கள்.

பிக்கப்பை ஓட்டுவது என் மச்சான். மாட்டி முடித்ததும் ஒவ்வொரு நட்டின் மேலும் பிராக்கெட் வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டோம். நட்டு திரும்பினால் கோடு உடைந்து தெரியும். முதல் வாரத்தில் வலதுபக்கம் ஒன்று உடைந்திருந்தது, திரும்ப இறுக்கிப் புதுக் கோடு போட்டார். இப்போது டயர் காற்று பார்க்கும்போது குனிந்து அதையும் பார்த்துவிட்டுத்தான் மேடு ஏறுகிறார்.